போர்க்காலத்தில் கலைச்செல்வங்களைக் காக்கும் பதிவேடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் உலகப்போரில் நாஜிகள் கொள்ளையடித்த கலைப்பொருள்கள் மீட்கப்பட்டதைப் பற்றி எழுதுவோர், சுரங்கங்களையும் கோட்டைகளையும் திறந்த நேச நாட்டு அதிகாரிகளைப் போற்றுகின்றனர். அது அவர்களுக்கு உரிய பெருமையே. ஆயினும், எந்தக் கோட்டையில் தேட வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொன்ன பாரிஸ் அருங்காட்சியக ஊழியர் ரோஸ் வாலாந்தின் பெயர் நம் வாசகர்களை அதிகம் எட்டவில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பிரான்சின் யூதக் குடும்பங்களிடமிருந்து பறித்த ஓவியங்களைத் தரம்பிரித்து அனுப்பும் கிடங்காக, 1940ஆம் ஆண்டின் இறுதியில் பாரிஸின் ஷூ த போம் காட்சிக்கூடத்தை ஜெர்மானியர் மாற்றினர். நாஜி ஆட்சியில் ஹிட்லருக்கு அடுத்த நிலையில் இருந்த கோரிங் பலமுறை நேரில் வந்து, வேண்டியவற்றைப் பொறுக்கிச் சென்றார். அங்கே பணியில் நீடித்த வாலாந்துக்கு ஜெர்மன் மொழி புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எந்த ஓவியம் யாரிடமிருந்து வந்தது, எந்த ஊருக்குப் போகிறது என்பதையெல்லாம் அவர் நான்கு ஆண்டுகள் இரகசியமாகக் குறித்துவைத்தார். பிடிபட்டிருந்தால் உயிர் தப்பியிருக்க முடியாது. 1944 ஆகஸ்டில் 148 பெட்டி ஓவியங்களோடு ஒரு ரயில் ஜெர்மனிக்குப் புறப்படவிருந்ததை அவர் தெரிவிக்கவே, பிரெஞ்சு ரயில்வே ஊழியர்கள் பல தடைகளை உண்டாக்கி அதைப் பாரிஸின் புறநகரைத் தாண்டவிடாமல் நிறுத்திவைத்தனர். அந்த ரயிலைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையினருக்குத் தலைமை தாங்கியவர் அலெக்சாண்டர் ரோசன்பர்க். ஓவிய வணிகரான அவருடைய தந்தையிடமிருந்து பறிக்கப்பட்ட ஓவியங்களும் அந்தப் பெட்டிகளில் இருந்தன என்பதை எண்ணும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது.

மறு ஆண்டு அமெரிக்க அதிகாரி ஜேம்ஸ் ரோரிமர், வாலாந் தந்த தகவல்களைக் கொண்டே பவேரியாவின் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையை அடைந்தார். அங்கே கலைப்பொருள்களோடு கொள்ளையரின் பதிவேடுகளும் கிடைத்தன. பிரான்சுக்குத் திரும்பிய சுமார் 60,000 பொருள்களில் ஏறத்தாழ 45,000 உரியவர்களிடம் சேர்ந்தன. உரிமையாளர் உறுதியாகாத சுமார் 2,000 பொருள்கள் இன்னும் பிரெஞ்சு அருங்காட்சியகங்களின் பொறுப்பில் இருக்கின்றன. பொருள் கிடைத்தாலும் அது யாருடையது என்பதற்கான சான்று இல்லையென்றால், மீட்பு பாதியில் நின்றுவிடுகிறது.

இதை எண்பதாண்டுப் பழங்கதையென்று ஒதுக்கிவிட முடியாது. 2022 நவம்பரில், உக்ரைனின் கெர்சோன் நகரிலிருந்து பின்வாங்குவதற்குச் சற்று முன்பு, ரஷ்யப் படையினர் அந்நகரின் கலை அருங்காட்சியகத்திலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை லாரிகளில் ஏற்றிக் கிரிமியாவின் சிம்ஃபெரோபோலுக்குக் கொண்டு சென்றனர். ஆனால் அருங்காட்சியகத்தின் மின்னணுப் பதிவேட்டை ஊழியர்கள் காப்பாற்றி வைத்திருந்தனர். சிம்ஃபெரோபோலிலிருந்து வெளியாகும் படங்களையும் காணொளிகளையும் அந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளை அவர்கள் இதுவரை அடையாளம் கண்டுள்ளனர். அவை இன்னும் திரும்பவில்லை. என்றாலும், எங்கள் பொருள் இதுதான் என்று எந்த நீதிமன்றத்திலும் அவர்களால் நிறுவ முடியும்.

போர்க்காலத்தில் பண்பாட்டுச் சொத்துகளைக் காப்பதற்கான 1954ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, அதற்கான ஆயத்தங்களை அமைதிக்காலத்திலேயே செய்ய வேண்டும் என்கிறது. இந்தியாவும் அதில் இணைந்த நாடு. நம் சிலைகள் போரால் அல்ல, திருட்டால் நாடு கடந்தன. ஆனால் அவற்றை மீட்பதற்கும் சான்று வேண்டியிருந்தது. தமிழகத்தின் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் சிலை 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதற்கு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பாதுகாத்து வந்த பழைய புகைப்படம் பெரிதும் துணை நின்றது. படம் எடுக்கப்படாத சிலை திருடப்பட்டால் என்ன சொல்லி உரிமை கோருவது? ஆகவே, நம் அருங்காட்சியகங்களிலும் கோயில்களிலும் உள்ள ஒவ்வொரு பொருளையும் அளவு, எடை, பல கோணப் புகைப்படங்களோடு பதிவுசெய்து, அப்பதிவேட்டின் படியொன்றை வேறோர் ஊரில் பாதுகாப்பாக வைக்கும் பணிக்கு மத்திய, மாநில அரசுகள் காலக்கெடு குறித்து நிதி ஒதுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்