பில் பெர்ரிக்கு: நீங்கள் போட்ட அந்த நிபந்தனை பற்றி

அன்புள்ள பில் சார்,

ஆர்.ஈ.எம். என்ற உங்கள் அமெரிக்க ராக் குழுவின் ரசிகர்கள் கடிதம் எழுதினால் பாடகர் மைக்கேல் ஸ்டைப்புக்கு எழுதுவார்கள், மிஞ்சிப்போனால் கிதார் வாசிக்கும் பீட்டர் பக்குக்கு. டிரம்மருக்கு யார் எழுதுவார்கள், அதுவும் 1997-லேயே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜார்ஜியாவில் மாட்டுத் தீவனப் புல் வளர்க்கப் போய்விட்டவருக்கு? ஆனால் எனக்கு வழக்கு உங்களோடுதான்.

நீங்கள் போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1995 மார்ச் 1, சுவிட்சர்லாந்தின் லோசானில் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, அறுவை சிகிச்சை முடிந்து, மே மாதமே திரும்பவும் அதே டூரில் போய் உட்கார்ந்தீர்கள். அடுத்த வருடம் வார்னர் இசை நிறுவனத்தோடு குழுவுக்கு ஐந்து ஆல்பத்துக்குப் புது ஒப்பந்தம், 8 கோடி டாலர் என்று செய்தி வந்தது. அதற்கும் அடுத்த வருடம் 'போதும்' என்றீர்கள். அவ்வளவு பணம் எதிரே நிற்கும்போது போதும் என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

என் பிரச்சினை அதோடு சேர்த்து நீங்கள் சொன்ன இன்னொன்று. நான் போவதால் குழு கலையும் என்றால் போகமாட்டேன், இருந்துவிடுகிறேன் என்றீர்கள். கேட்கப் பெருந்தன்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று பேர் வேறு என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? கலைத்துவிடுகிறோம் என்றால் மனசு விட்டுப்போன ஆளைக் கட்டிப்போட்ட பாவம். 'சரி, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்றுதான் சொல்ல முடியும். சொன்னார்கள், அப்புறம் 14 வருடம் பார்த்துக்கொண்டார்கள்.

பார்த்துக்கொள்வது ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தது என்றால், போனது டிரம்மர் மட்டும் இல்லை. உங்கள் குழுவில் யார் எழுதினாலும் பாட்டின் கீழே நாலு பேர் பெயரும் வரும், பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று ஆங்கில அகர வரிசையில். அதனால் எது யாருடையது என்று வெளியே அவ்வளவாகத் தெரியவில்லை. 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பெரும்பாலும் உங்களுடையது, அதிலேயே டிரம்ஸுக்குப் பதில் ஒரு பழைய மலிவு ரிதம் மெஷின் டிக் டிக் என்று ஓடுகிறது! டிரம்மர் தன் பாட்டிலேயே தன்னை வெளியே உட்கார வைப்பதெல்லாம் எங்கே நடக்கும்? 'மேன் ஆன் தி மூன்' முளைத்ததும் உங்கள் கையில்தான். கிதாரில் சி கார்டு பிடித்து, விரல்களை அப்படியே இரண்டு ஃப்ரெட் (கிதார் கழுத்தில் இருக்கும் கட்டம்) மேலே தள்ளி, திரும்பக் கீழே கொண்டுவருவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது யாரும் செய்வதுதான். அதை ஒரு பாட்டாகக் கேட்ட காது உங்களுடையது.

எனக்கு இதைவிட முக்கியம் உங்கள் குரல். 1986-இல் வந்த 'ஃபால் ஆன் மீ' பாட்டை நல்ல ஹெட்போனில் கேட்டால், நடுவில் ஸ்டைப், மேலே பேஸ் கிதார்காரர் மைக் மில்ஸ் வேறொரு மெட்டில், கீழே தணிந்த குரலில் நீங்கள் இன்னொரு மெட்டில், மூன்றும் ஒன்றை ஒன்று இடிக்காமல் போகும். டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடைத்தார்கள், ஜோயி வாரங்கர், பிறகு பில் ரீஃப்லின் (அவரும் ஒரு பில்!), இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். அந்தக் கீழ்க்குரலுக்கு ஆள் கிடைக்கவே இல்லை. நீங்கள் போன பிறகு வந்த முதல் ஆல்பமான 'அப்'புக்குப் பிந்தைய ஆல்பங்களில் ஏதோ ஒன்று மெலிந்திருப்பதாக எல்லாரும் சொல்வார்களே, பாதி அதுதான் என்பேன்.

மூன்று கால் நாயும் நாய்தான், வேறு மாதிரி ஓடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஸ்டைப் அப்போது சொன்னார். 1998-இல் 'அப்' வந்தபோது நிஜமாகவே வேறு மாதிரி ஓடினார்கள். முதல் பாட்டே மெஷின் தாளமும் முணுமுணுப்பும். வாங்கியவர்கள் பலர் முகம் சுளித்தார்கள், எனக்கோ அவர்களின் ஆல்பங்களில் முதல் மூன்றுக்குள் அது வரும். ஆனால் 2004-இன் 'அரவுண்ட் தி சன்'? அலுத்துப்போனவர்கள் வாசித்தது போல இருக்கும் என்று பீட்டர் பக்கே பின்னால் சொல்லிவிட்டார், நான் வேறு எதற்குச் சொல்ல வேண்டும். 2008-இல் 'ஆக்ஸிலரேட்' என்று கோபமாக, வேகமாக, 35 நிமிடத்துக்குள் ஒன்றைப் போட்டு மானத்தைக் காப்பாற்றினார்கள். 2011 செப்டம்பரில், சண்டை இல்லாமல், வழக்கு வம்பு இல்லாமல், முடித்துக்கொண்டார்கள்.

நீங்கள் அந்த நிபந்தனையைப் போடாமல் போயிருந்தால் 1997-லேயே கலைந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கடைசி ஆல்பமாக 'நியூ அட்வென்ச்சர்ஸ் இன் ஹை-ஃபை' நின்றிருக்கும், அதைவிட நல்ல முடிவு எந்தக் குழுவுக்கும் கிடையாது. 'அப்' கிடைத்திருக்காது, 'அரவுண்ட் தி சன்'னும் வந்திருக்காது. இந்தக் கணக்கை நானும் பல தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் 'அப்' பக்கமே சாய்கிறது. அதனால் வழக்கை வாபஸ் வாங்குகிறேன், அரை மனதோடு.

2024 ஜூனில் நியூயார்க்கில் பாடலாசிரியர்களுக்கான விருது விழாவில் நாலு பேரும் சேர்ந்து 'லூசிங் மை ரிலிஜன்' வாசித்தீர்கள். மறுபடி சேர என்ன நடக்க வேண்டும் என்று டிவியில் கேட்டதற்கு மைக் மில்ஸ் 'வால்நட்சத்திரம்' என்று சொல்லி முடித்துவிட்டார். சரி, டூர் வேண்டாம், ஆல்பமும் வேண்டாம். 'ஃபால் ஆன் மீ' ஒரு தடவை, உட்கார்ந்தபடியே, மூன்று குரலோடு. டிரம்ஸை வேண்டுமானால் மெஷினிடம் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு ரசிகன்