சியேனாவிலிருந்து ஒரு சுற்று

அன்புள்ள கண்ணுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீ போனில் சொன்ன திட்டம் மனதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தாலியின் கயோலேயில் தொடங்கும் லெரோய்க்கா என்ற சைக்கிள் பாதை முழுவதையும், 209 கிலோமீட்டர், மருமகளோடு இரண்டு நாளில் ஓட்டிவிடலாம் என்றாய். உன் காலுக்கு அது சரி. அவள் இதுவரை ஓட்டியதெல்லாம் மூனிக்கில் இசார் ஆற்றங்கரைச் சமதளம்தானே? அவளுக்கு மேடு பள்ளம் இதுதான் முதல் தடவை. அதனால் அப்பாவும் நானும் ஓட்டிய சின்னச் சுற்றைச் சொல்கிறேன், கேள்.

சியேனா, அஷானோ, மோன்தே ஒலிவேத்தோ மடம், புவோன்கொன்வென்தோ, திரும்ப சியேனா. மொத்தம் 75 கிலோமீட்டர் போல வரும். ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று உனக்குத் தோன்றும். வேண்டாம், இரண்டு நாள் வை. சியேனா 322 மீட்டர் உயரம், அஷானோ 200, புவோன்கொன்வென்தோ 147. இதை வைத்துப் பார்த்தால் இறக்கம்தான் அதிகம் போலிருக்கும். ஆனால் சாலை மேட்டின் முதுகிலேயே ஏறி இறங்கிப் போகிறது. கூட்டினால் ஏறக்குறைய 1000 மீட்டர் ஏறியிருப்பீர்கள். ஏற்றத்தைப் பார்த்துத்தான் அங்கே நாளைப் பிரிக்க வேண்டும்.

அந்தப் பக்கத்துப் பழைய ஊர்கள் பெரும்பாலும் மேட்டின் உச்சியில் இருக்கின்றன. சண்டைக்குப் பயந்தும், பள்ளத்துச் சதுப்பில் பரவிய மலேரியாவுக்குப் பயந்தும் மேலே போய்க் கட்டிக்கொண்டார்கள். அதனால் காபியோ சாப்பாடோ ஓர் ஏற்றத்தின் முடிவில்தான் கிடைக்கும். பசி வந்த பிறகு ஏற ஆரம்பித்தால் அவள் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே நிறுத்தி, ஒரு வாழைப்பழமாவது சாப்பிட வை.

கிளம்புவதற்கு முதல் நாள் சியேனாவின் பழைய நகர மன்றத்துக்குள் போங்கள். அம்புரோஜியோ லோரென்செத்தி 1338-39இல் வரைந்த சுவரோவியம் அங்கே இருக்கிறது. நல்லாட்சியில் நகரமும் கிராமமும் எப்படி இருக்கும் என்று காட்டியிருக்கிறார். கோட்டை வாசலுக்கு வெளியே குன்றுகள், உழவர்கள், மூட்டை ஏற்றிய கழுதைகள். மறுநாள் நீங்கள் ஓட்டப்போவது அந்தக் குன்றுகளுக்குள்தான். அதைப் பார்த்துவிட்டுப் போனதால் எனக்கு வழியெல்லாம் தெரிந்த இடம் போலவே இருந்தது.

முதல் நாள் அஷானோ வரைக்கும் மட்டும். லவுரெத்தானா என்று சொல்லும் சாலை அது, தார் போட்டது, வண்டிகள் குறைவு. இந்த நிலத்துக்குக் க்ரேத்தே என்று பெயர். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியாகக் கிடந்த களிமண். மண்ணில் உப்பு ஏறிய இடங்களில் புல்கூட முளைக்காமல் வெளுத்த சின்னக் குமிழ்களாக நிற்கும். மே மாதம் போனால் கோதுமைப் பச்சை. நீங்கள் போகும் செப்டம்பர் கடைசியில் உழுது போட்ட சாம்பல் நிறம்தான். எனக்கு அந்தச் சாம்பல்தான் பிடித்தது, மேட்டின் வடிவம் அப்போதுதான் முழுசாகத் தெரிகிறது. சாலையை விட்டு விலகும் மண் பாதை ஒன்றில் ஒரு கல் நாற்காலியும் கல் ஜன்னலும் இருக்கின்றன. பிரெஞ்சுச் சிற்பி ஜான்-போல் ஃபிலிப் 1993இல் அமைத்தது. சாயங்காலம் அங்கே போய் உட்காருங்கள், அவசரப்படாதே.

மண் பாதை என்றதும் டயர் நினைவு வருகிறது. வெள்ளைச் சரளை அது, காய்ந்திருந்தால் தூசி மட்டும்தான். 35 மில்லிமீட்டர் அகலமாவது வேண்டும். அவள் சைக்கிளில் இருக்கும் கியர் போதாது. பின்னால் பெரிய பல்சக்கரம் போட்டுத் தரச் சொல், இல்லாவிட்டால் சியேனாவிலேயே வாடகைக்கு எடுங்கள். மழை பெய்தால் மண் பாதைக்குள் போகவே போகாதீர்கள். களிமண் சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே இட்லி மாவு மாதிரி அப்பிக்கொள்ளும், சக்கரம் சுற்றாது.

இரண்டாம் நாள் விடிந்ததும் கிளம்புங்கள். அஷானோவிலிருந்து கியுசூரே கிராமம் வரை ஏறுவதுதான் இந்தச் சுற்றின் பெரிய வேலை. வெயில் ஏறுமுன் முடிய வேண்டும், நிழலுக்கு மரம் குறைவு. அவளை முன்னால் விட்டுப் பின்னால் வா. நீ முன்னால் போனால் உன் வேகத்தைப் பிடிக்கத்தான் பார்ப்பாள், வலிக்கிறது என்று வாயைத் திறக்க மாட்டாள். உன் அப்பா எனக்கு முன்னால் ஒரு மிதிகூடப் போகவில்லை, அந்த ஏற்றம் எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

கியுசூரேயிலிருந்து கொஞ்சம் இறங்கினால் சைப்ரஸ் மரங்களுக்குள் மோன்தே ஒலிவேத்தோவின் செங்கல் மடம். சியேனாவின் பணக்காரக் குடும்பத்தில் பிறந்த பெர்னார்தோ தொலொமேயி எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1313இல் இங்கே வந்தார். 1348இல் கொள்ளைநோய் வந்தபோது சியேனாவுக்குத் திரும்பிப்போய் நோயாளிகளைக் கவனித்து, அதிலேயே இறந்தார். பெரிய முற்றத்துச் சுவர்களில் லூக்கா சிஞ்ஞொரெல்லி ஆரம்பித்துவிட்டுப் போன ஓவியங்களை 1505இலிருந்து சொதோமா தொடர்ந்தார். ஒரு காட்சியில் தான் வளர்த்த பிராணிகளோடு தன்னையே வரைந்து நிறுத்தியிருக்கிறார், தேடிப் பாருங்கள். மதியம் கதவைச் சாத்திவிடுவார்கள், அதற்குள் போய்ச் சேருங்கள். தோளையும் முழங்காலையும் மூட ஆளுக்கொரு துணி பையில் இருக்கட்டும்.

அங்கிருந்து புவோன்கொன்வென்தோ பெரும்பாலும் இறக்கம். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காமல் விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லிக்கொடு. இந்த ஊர் மட்டும் மேட்டில் இல்லை, ஆர்பியா ஆறும் ஒம்புரோனே ஆறும் சேரும் தாழ்வில், செங்கல் மதிலுக்குள் இருக்கிறது. புனித ரோமானியப் பேரரசர் ஏழாம் ஹென்றி 1313 ஆகஸ்ட்டில் இறந்தது இங்கேதான். மதியச் சாப்பாடு இங்கே. கையால் உருட்டிய பீச்சி பாஸ்தாவைப் பூண்டும் தக்காளியும் போட்டுத் தருவார்கள், மருமகள் சாப்பிடும் சைவம்தான்.

இங்கே அவளுக்குக் கால் விட்டுப்போனால் ரயில் நிலையம் இருக்கிறது. உள்ளூர் ரயிலில் சைக்கிளுக்கு டிக்கெட் எடுத்து ஏற்றிக்கொண்டு சியேனா போய்விடலாம். அவள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீயே கேள். தெம்பு இருந்தால் பெரிய சாலையை விட்டு, ரோமுக்கு நடந்த யாத்ரீகர்களின் ஃபிராஞ்சிஜெனா பாதையில் போங்கள். வழியில் கூனா என்ற இடத்தில் சியேனா மருத்துவமனையின் பழைய தானியக் கோட்டை வரும். கடைசியில் சியேனாவுக்குள் ஏறும் சாந்தா கத்தெரீனா தெரு 16 சதவீதச் சரிவு. ஸ்த்ராதே பியாங்கே என்ற சைக்கிள் பந்தயத்தில் வருபவர்களே அங்கே திணறுகிறார்கள். நீங்கள் வேறு வாசல் வழியாகச் சுற்றிப் போங்கள், அல்லது இறங்கித் தள்ளுங்கள்.

209 கிலோமீட்டர் எங்கேயும் போகாது, அடுத்த வருடம் நீ தனியாகப் போய் வா. அஷானோவில் தங்க இடம் சீக்கிரம் பதிவு செய். மருமகளிடம் சீட் உயரத்தை ஒரு தடவை பார்க்கச் சொல், முழங்கால் வலி என்று போன வாரம் என்னிடம் சொன்னாள், உன்னிடம் சொன்னாளா தெரியவில்லை. தேதி முடிவானதும் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா