சட்டகம் வரட்டும், கொப்பியை யார் மூடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

முன்பிள்ளைப் பருவக் கல்விக்கு, அதாவது தரம் ஒன்றுக்கு முந்திய பிள்ளைகளுக்கு எதை, எப்படிக் கற்பிப்பது என்று வகுக்கும் தேசிய கலைத்திட்டச் சட்டகம் ஒன்றை அறிமுகப்படுத்துவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியை வாசித்தேன். எப்போதோ வந்திருக்க வேண்டியது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா 'பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை' என்றுதான் சொன்னார். பல்கலைக்கழகம் இன்றும் இலவசம். பாலர் வகுப்புத்தான் எப்படியோ கைநழுவி, வீட்டு விறாந்தைகளிலும் கோயில் மண்டபங்களிலும் பெற்றோர் கட்டும் மாதக் காசில் நடக்கிறது.

கொழும்பு வடக்கில் நெடுங்காலம் தரம் ஒன்று படிப்பித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சட்டகத்தில் விளையாட்டின் மூலம் கற்றல் என்று எழுதியிருப்பார்கள். எழுதாமல் விட முடியாது. ஆனால் அது நமக்குப் புதிதல்ல. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் தொடங்கி 1999இல் நாடெங்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே தரம் ஒன்றிலும் இரண்டிலும் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என மூன்றையும் கலந்து நடத்தச் சொன்னது. நாங்களும் பயிற்சிக்குப் போனோம், மட்டை வெட்டினோம், சுவரெல்லாம் ஒட்டினோம். சில வருடங்களுக்குள் எழுத்து வேலை மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது. தரம் ஐந்தில் புலமைப்பரிசில் பரீட்சை காத்திருக்கும்போது, தரம் ஒன்றில் பிள்ளை மணலில் விளையாடுவதை எந்தப் பெற்றோர் பொறுத்துக்கொள்வார்கள்?

அந்த அவசரம் இப்போது மூன்று வயதுவரை இறங்கிவிட்டது. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ காலை பதினொன்றரைக்கு மொண்டிசோரி விடும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள். பிள்ளை வெளியே வந்ததும் அம்மா முதலில் தேடுவது தண்ணீர்ப் போத்தலை அல்ல, கொப்பியை. நாலு கோட்டுக் கொப்பியில் ஆங்கிலப் பெரிய எழுத்து ஒரு பக்கம், சின்ன எழுத்து ஒரு பக்கம், இன்றைக்கு எத்தனை பக்கம், ஏன் 'நட்சத்திரம்' இல்லை. மூன்றரை வயதுக் கை பென்சிலை முழு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்து, கோட்டுக்குள் நிற்கவேண்டுமென்று அழுத்தி அழுத்தி, தாள் கிழிந்து அடுத்த பக்கமும் பள்ளமாகியிருக்கும். அப்படிப் பழகிய பிடியைத் தரம் ஒன்றில் மாற்றுவதற்குள் எங்களுக்குப் பாதித் தவணை போய்விடும். பென்சிலே பிடிக்காமல், களிமண் உருட்டி, மணி கோத்து, கடதாசி கிழித்து விளையாடி வந்த பிள்ளை இரண்டே வாரத்தில் எழுதத் தொடங்கும். விஜயதசமியன்று தட்டிலே அரிசி பரப்பி விரலால் எழுத வைக்கிறோமே, அதில் இருக்கும் நிதானம் மறுநாள் காலையில் எங்கே போகிறதோ தெரியாது.

இத்தனையும் எதற்காக? அரசாங்கப் பாடசாலையில் தரம் ஒன்று அனுமதிக்கு இந்தக் கொப்பி ஒரு சதத்துக்கும் உதவாது. கல்வி அமைச்சின் சுற்றறிக்கை பார்ப்பது வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடைப்பட்ட தூரம், வாக்காளர் பதிவு, தாய் தகப்பன் பழைய மாணவரா, அக்கா அண்ணன் அங்கே படிக்கிறார்களா என்பவற்றைத்தான். நேர்முகப் பரீட்சையில் புள்ளி வாங்குவது காணி உறுதியும் மின்சாரப் பட்டியலும். இதை எந்த அதிகாரியும் பெற்றோரிடம் நேராகச் சொன்னதாக நான் அறியேன்.

இந்த இடத்தில்தான் சட்டகத்தின் முழுப் பாரமும் போய் விழப்போவது முன்பள்ளி ஆசிரியையின் தலையில். அவருடைய வருமானம் பெற்றோர் கட்டும் மாதக் கட்டணம். அதற்கு மேல் அரசாங்கம் தரும் சிறு கொடுப்பனவு. இருபது பிள்ளைகளில் ஐந்து பேரை, 'இங்கே வெறும் விளையாட்டுத்தான்' என்று அம்மாமார் பக்கத்து வீதிக்கு மாற்றிவிட்டால் அந்த மாதம் கட்டட வாடகையே தட்டுப்படும். 2020இலும் 2021இலும் எல்லாம் மூடிக்கிடந்தபோது கட்டணமும் நின்றது. பிள்ளைகளைத் திறமையாகப் பார்த்துக்கொண்ட சிலர் கடைகளில் கணக்கெழுதப் போனார்கள், திரும்பி வரவில்லை. இப்படிப்பட்டவரிடம் 'கொப்பியை மூடுங்கள், பெற்றோருக்கு விளக்குங்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதிகாரிகள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சம்பளத்தில் ஒரு குறைந்தபட்ச அளவையாவது அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும். பெற்றோரிடம் சொல்ல வேண்டியதை அரசாங்கமே தன் பெயரில், தெளிவான தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்து, முன்பள்ளிப் பதிவின்போது கையில் கொடுக்க வேண்டும்.

(வருட முடிவு 'பட்டமளிப்பு' பற்றியும் அந்தத் தாளில் ஒரு வரி சேர்த்தால் புண்ணியம். ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும், மண்டப வாடகை தனி, உடுப்புக் காசு தனி.)

அடுத்தது மொழி. என் அனுபவத்தில் பயிற்சிக் கையேடுகள் சிங்களத்தில் முதலில் வரும். தமிழ்ப் பிரதி பயிற்சி முடிந்த பிறகு வரும், வந்தாலும் அகராதி பார்த்து எழுதிய தமிழாக இருக்கும். பெரிய வகுப்புகளில் ஆசிரியர் எப்படியோ சமாளிப்பார். பாலர் வகுப்பில் அது சரிவராது. சிங்கள எழுத்து பெரும்பாலும் வளைவு; அதற்கு முந்திய கைப்பயிற்சியும் வட்டமும் சுழியுமாக இருப்பது சரி. நாங்கள் ட, ப என்று நேர்கோடுகளில் தொடங்கி மெல்ல வளைவுக்குப் போகிறவர்கள். பாட்டை மொழிபெயர்த்தால் தாளம் போய்விடும். தாளம் போன பாட்டுக்கு எந்தப் பிள்ளையும் கை தட்டாது. அதைவிட, கொழும்பில் ஒரே பாயில் உட்காரும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரே தமிழ் பேசுகிறவர்கள் அல்ல. ஒன்று 'தண்ணி தாங்கோ' என்னும், மலையகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை 'தண்ணி குடுங்க' என்னும், பக்கத்திலிருக்கும் முஸ்லிம் பிள்ளைக்கு அம்மா உம்மாதான். இவை மூன்றும் வகுப்பில் செல்லுபடியாகும் என்று சட்டகம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஆசிரியை மூன்றையும் திருத்தப் பார்ப்பார், அல்லது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவுவார். கொழும்பில் இரண்டாவதுதான் நடக்கிறது. வீட்டில் அம்மம்மாவோடு தமிழில் கதை பேசும் பிள்ளை, வகுப்பில் நாலு ஆங்கிலச் சொல்லோடு வாய் மூடி இருக்கிறது.

நியூசிலாந்தில் 1996இல் வந்த 'தே ஃபாரிக்கி' என்னும் முன்பள்ளிக் கலைத்திட்டத்தில், அந்நாட்டின் பூர்வகுடி மக்களுடைய மாவோரி மொழியில் அமைந்த பகுதி ஆங்கிலத்தின் மொழிபெயர்ப்பு அல்ல. மாவோரிக் கல்வியாளர்கள் தொடக்கத்திலிருந்தே உடனிருந்து எழுதியது. நமக்கு அந்த வசதி இல்லை என்று சொல்ல முடியாது. மகரகமையில் தேசிய கல்வி நிறுவகத்திலும் நாவலையில் திறந்த பல்கலைக்கழகத்திலும் தமிழில் இதை எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களிலும் நாள்தோறும் இதே வேலையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வரைவு முடிந்த பிறகு பிழை திருத்தக் கூப்பிட வேண்டாம்.

நிர்வாகச் சிக்கலை நீட்டி எழுதப் பத்திரிகையில் இடம் போதாது. முன்பள்ளி மாகாண சபைகளின் கையில், மாகாண சபைகளோ தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இல்லாமல் வருடக்கணக்காக ஆளுநர்களின் கையில். முன்பிள்ளைப் பருவத்தைப் பார்க்கும் சிறுவர் செயலகம் ஓர் அமைச்சின் கீழ், தரம் ஒன்று இன்னோர் அமைச்சான கல்வி அமைச்சின் கீழ். இரண்டு அலுவலகமும் பத்தரமுல்லையில்தான், நடந்துபோகிற தூரம். 2004இல் முன்பிள்ளைப் பருவத்துக்கெனத் தேசியக் கொள்கை வந்தது. 2019இல் தேசிய கல்வி ஆணைக்குழு முன்பள்ளிக் கல்விக்குத் தனிக் கொள்கை எழுதியது. இவற்றில் ஒன்றையாவது கண்ணால் கண்ட முன்பள்ளி ஆசிரியையை என் தெருவில் தேடினால் கிடைக்கமாட்டார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சட்டகத்தின் தமிழ்ப் பிரதி எங்கே, எப்போது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும், கருத்துச் சொல்ல எத்தனை நாள் தரப்படும், தமிழ்ப் பகுதியை எழுதிய குழுவில் வகுப்பறையில் நிற்கும் முன்பள்ளி ஆசிரியைகள் எத்தனை பேர் என்பதைத் தங்கள் நிருபர் ஒருவர் கல்வி அமைச்சு இருக்கும் இசுருபாயவிலும் சிறுவர் செயலகத்திலும் கேட்டு வெளியிட்டால் நல்லது. அம்மாமாரும் வாசிக்கும் பக்கத்தில் போடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.