கையில் எபிரேய எழுத்து: தம்பி ஜோயலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி ஜோயலுக்கு,

பச்சை குத்திக்கொள்ள இரண்டு எபிரேய டிசைன் அனுப்பியிருக்கிறீர்கள். இடது மணிக்கட்டின் உள்பக்கம் 5 மி.மீ. உயரத்தில் 'அஹவா', அதாவது அன்பு. பின்கழுத்தில் கடவுளின் நான்கெழுத்துப் பெயர். முதலாவதைத் திருத்திக் குத்தலாம். இரண்டாவது வேண்டாம்.

'அஹவா'வின் எழுத்துகள் ஆலெஃப், ஹே, பேத், ஹே. சிக்கல் ஹேயில்தான். மேலே ஒரு கூரை, வலப்பக்கம் கூரையோடு ஒட்டிய கால், இடப்பக்கம் கூரையைத் தொடாமல் நிற்கும் கால். அந்த இடதுகால் கூரையைத் தொட்டுவிட்டால் அது ஹெத் என்கிற வேறு எழுத்து. 5 மி.மீ. எழுத்தில் அந்த இடைவெளி ஒரு மி.மீ. தேறினாலே அதிகம். தோலுக்குள் மை வருடக்கணக்கில் மெல்லப் பரவும், மடிப்பில் இன்னும் சீக்கிரம். இடைவெளி மூடிய பிறகு கையில் இருப்பது பொருளற்ற சொல். எழுத்தை 12 மி.மீ. ஆக்குங்கள், மணிக்கட்டு மடிப்பிலிருந்து நாலு விரல் மேலே ஏற்றுங்கள், இடைவெளி 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது. உயிர்ஒலிப் புள்ளிகளைச் சேர்க்காதீர்கள். யூதர்களின் வேதமான தோராச் சுருளிலேயே அவை கிடையாது. தோலில் முதலில் கலங்குவதும் அவைதான்.

தாலெத், ரேஷ் என்ற இரண்டு எழுத்துகளும் இதே கதை. தாலெத்தின் வலது மேல்மூலை துருத்தி நிற்கும், ரேஷுக்கு அது வளைந்திருக்கும். உபாகமம் 6:4இல் 'கர்த்தர் ஒருவரே' என்ற இடத்தில் வரும் சொல் 'எஹாத்'. அதன் கடைசி தாலெத்தின் மூலை மழுங்கினால் 'அஹேர்', அதாவது 'வேறொருவர்'! சுருள் எழுதுகிறவர்கள் அந்த ஒரு தாலெத்தைப் பெரிதாக எழுதுவது மரபு.

அடுத்தது திசை. எபிரேயம் வலமிருந்து இடம். அதற்கான வசதி இல்லாத டிசைன் மென்பொருளில் ஒட்டினால் எழுத்து வரிசை தலைகீழாகிவிடும். 'ஷாலோம்' இப்படிப் புரண்டால், சொல்லின் கடைசியில் மட்டுமே வரவேண்டிய மூடிய மேம் ('ம்' எழுத்தின் இறுதி வடிவம்) முதலில் வந்து உட்கார்ந்திருக்கும். எபிரேயம் வாசிக்கிறவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். 'ஹை' (உயிருள்ள) புரண்டால் மட்டும் ஒரு வேடிக்கை. எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பும் உண்டு: ஹெத் 8, யோத் 10, கூட்டினால் 18. அதனால்தான் யூதர்கள் 18இன் மடங்குகளில் அன்பளிப்பு தருகிறார்கள். புரட்டிப்போட்டால் யோத்-ஹெத், அது 18 என்ற எண்ணை எழுதும் முறையே. தப்பிலும் இது அதிர்ஷ்டத் தப்பு.

ஆகவே பச்சை குத்துபவரிடம் தட்டச்சு செய்த எழுத்தைத் தராதீர்கள், படமாக்கிய பி.டி.எஃப். கொடுங்கள். ஸ்டென்சிலைத் தோலில் ஒட்டியதும், ஊசி படுவதற்கு முன்னால், போனின் பின்பக்க கேமராவில் படம் எடுங்கள். செல்ஃபி கேமரா இடவலம் மாற்றிக் காட்டக்கூடும். எபிரேயம் தெரிந்த இருவருக்குத் தனித்தனியே அனுப்பி, 'சரியா?' என்று கேட்காமல் 'என்ன எழுதியிருக்கிறது?' என்று கேளுங்கள்.

நான்கெழுத்துப் பெயருக்கு வருகிறேன். நம் சபைகளில் 'யெகோவா' என்று உரக்கப் பாடுகிறோம்; யூதர்கள் அதை உச்சரிப்பதே இல்லை, எழுதினால் அழிப்பதில்லை. தோலில் அந்தப் பெயர் எழுதப்பட்டவன் குளிக்கக் கூடாது, எண்ணெய் பூசக் கூடாது, அசுத்தமான இடத்தில் நிற்கக் கூடாது என்கிறது யூதச் சட்ட விளக்க நூலான தால்மூத் (ஷபாத் 120பி). அதைப் பின்கழுத்தில் சுமந்துகொண்டு தினமும் ஷவரில் நிற்பது அவர்கள் கண்ணுக்கு எப்படி இருக்கும்? லேவியராகமம் 19:28 பச்சை குத்துவதையே தடுக்கிறது என்பது தெரிந்ததுதான். ஆனால் பச்சை குத்தியவரை யூதக் கல்லறையில் புதைக்க மாட்டார்கள் என்பது வெறும் பேச்சு, சட்டத்தில் அப்படி இல்லை.

இடது முன்கையையும் யோசியுங்கள். ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் கைதிகளுக்கு எண் குத்தியது பெரும்பாலும் அங்கேதான். தாத்தா பாட்டியின் எண்ணைத் தங்கள் கையில் குத்திக்கொண்ட பேரப்பிள்ளைகள் இஸ்ரேலில் இருக்கிறார்கள். நீங்கள் வலது கைக்கு மாற்றினால் ஒன்றும் குறையாது.

'நான் என் நேசருடையவள், என் நேசர் என்னுடையவர்' (உன்னதப்பாட்டு 6:3) டேவிட் பெக்காம் கையில் இருக்கிறது. அழகான வரி, ஆனால் பெண் ஆணைப் பற்றிச் சொல்வது. உங்களுக்குப் பொருந்துமா, பாருங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் பெயரே எபிரேயம்தானே: யோத், வாவ், ஆலெஃப், லாமெத். மனிதப் பெயர், எழுதத் தடையில்லை. மூடிப்போக ஹே இல்லை. யோத்தை மட்டும் வாவின் பாதி உயரத்துக்கு மேல் இழுக்க விடாதீர்கள்; நீண்டால் அதுவும் வாவ் ஆகிவிடும்.

அன்புடன்,
அண்ணன்