பொத்தானும் பழைய காலண்டரும்

அன்புள்ள ரோஸி,

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்று முடிவு. மிஞ்சிக் கிடந்த பொத்தான், உல்லன் நூல், லேஸ் துண்டு, பழைய பரிசுக் காகிதம் எல்லாவற்றையும் தரையில் கொட்டிப் பிரித்துவிட்டேன்.

பரிசுக் காகிதத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் கசக்கிப் பார்க்க வேண்டும். கசங்கியபடியே நின்றால் அது வெறும் காகிதம். தானாக விரிந்துகொண்டால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது. மடிப்பு நிற்காது, பின்னால் பழைய காகிதத்தோடு போடவும் முடியாது. அதையெல்லாம் பட்டையாக வெட்டித் தோரணமாக்கினேன். வருஷா வருஷம் எடுத்துக் கட்டலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பொத்தான் மரம்தான். மெல்லிய கம்பியை இரண்டாக மடித்து, மேலே தொங்கவிட ஒரு வளையம் விட்டு, இரு முனைகளையும் ஒரு குட்டிப் பொத்தானின் இரண்டு துளைகளில் நுழைத்துவிடு. அதன் கீழே கொஞ்சம் பெரியது, அப்புறம் அதைவிடப் பெரியது என்று கோத்துக்கொண்டே போ. நான்கு துளை இருந்தால் எதிரெதிர் மூலையில் கம்பி போகட்டும், அப்போதுதான் சாயாது. கடைசியில் ஒரே அளவில் நாலைந்து பழுப்புப் பொத்தானைச் சேர்த்துக் கம்பியை முறுக்கினால் அடிமரம் வந்துவிடும். பின்பக்கம் காது வைத்த பொத்தான் இதற்கு ஆகாது, படிந்து உட்காராது.

பார், இதில் பசையே கிடையாது. கம்பியைப் பிரித்தால் பொத்தான் மறுபடி சட்டைக்குப் போகும். மறுபயன்பாடு என்றால் எனக்கு அதுதான். நல்ல பொத்தானைப் பசையில் முக்கி ஜிகினாத் தூளைக் கொட்டிவிட்டால் அதன் ஆயுசு அங்கேயே முடிந்தது. அந்தத் தூளில் பெரும்பாலும் நுண்ணிய பிளாஸ்டிக்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விற்பனைக்கே தடை போட்டுவிட்டது. நீயும் அதை விட்டுவிடேன்.

இப்போது கையில் இருப்பது மொரேவிய நட்சத்திரம், எல்லாப் பக்கமும் கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும் காகித நட்சத்திர விளக்கு. 1830களில் ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில், மொரேவிய சபை என்ற கிறிஸ்தவச் சபையாரின் பள்ளியில் பிள்ளைகளுக்கு வடிவியல் சொல்லிக்கொடுக்கச் செய்ததாம். பாடமாக வந்தது வாசலுக்கு வந்துவிட்டது பார்த்தாயா! அடிப்பக்கம் சதுரமாக உள்ள கூம்பு 17, முக்கோணமாக உள்ளது 8. கூம்பு வைக்காமல் திறந்துவிட்ட ஒரு சதுரம் தொங்கவிடவும் விளக்கு வைக்கவும். பழைய மாதக் காலண்டர் தாள் இதற்கு நல்ல கனம். அச்சிட்ட பக்கத்தை உள்ளே மடித்துவிட்டால் வெளியே வெள்ளை. உள்ளே எல்இடி விளக்கு மட்டும் போடு; சூடாகும் பல்பு காகிதத்துக்கு ஆபத்து.

முட்டி வலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பேத்தி கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போடுகிறாள் என்றாயே, பொத்தான் மரத்தை உயரத்தில் மாட்டு. அவளுக்கென்று துணி நட்சத்திரம் ஒன்று தைக்கிறேன், உள்ளே துண்டுத் துணி அடைத்து.

கூம்புகளுக்கான அளவு வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கீறிவிட்டு மடி, முனை கூராக வரும். உன்னிடம் பச்சைப் பொத்தான் இருந்தால் அனுப்பு, பெரிய அளவில் எனக்குப் போதவில்லை.

அன்புடன்,
எலிசபெத்