ஆர்டர் வரட்டும்னு ஏன் உக்காந்திருக்கோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டுத்தீ சீசன் வந்துட்டா போதும், உங்க பேப்பர் முதல் பக்கத்துல ராத்திரில மலை பத்தி எரியுற படம் ஒண்ணு பெருசா வந்துடும். கீழ எத்தனை ஏக்கர் எரிஞ்சுச்சு, எத்தனை வண்டி போச்சு, ஹெலிகாப்டர் வந்துச்சா இல்லையா, அதோட செய்தி முடிஞ்சுது. அந்தப் படத்துல அடிவாரத்துல குட்டி குட்டியா நாலஞ்சு லைட்டு தெரியும் பாருங்க, அந்த மாதிரி ஒரு வீட்டுலதான் நாங்க குடியிருக்கோம். எங்களுக்கு ஏக்கர் கணக்கு முக்கியமில்லீங்க. எப்ப கிளம்பணும், அதை யாரு முடிவு பண்ணணும், இதுதான் எங்க கேள்வி. இதைப் பத்தி யாரும் எழுதி நான் பாக்கல, அதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

போன தடவை முகட்டுக்கு அந்தப் பக்கம் தீ பிடிச்சப்போ எங்க தெருவே வாசல்ல நின்னு மேல பாத்துக்கிட்டு இருந்துச்சு. கொடியில காயப்போட்ட துணி மேல சாம்பல் விழுது, நட்ட நடு மத்தியானத்துல சூரியன் செக்கச்செவேல்னு தெரியுது, வெறுங்கண்ணால பாக்கலாம் அவ்ளோ புகை. ஆனா யாரைக் கேட்டாலும் ஒரே பதில், "ஊரைக் காலி பண்ணச் சொல்லி அதிகாரிங்ககிட்டேந்து ஆர்டர் வரட்டும், பாத்துக்கலாம்". எங்க அப்பா அதுக்கும் ஒரு படி மேல, நான் பொறந்ததுலேந்து பாக்கறேன் தீ இந்தப் பக்கம் இறங்குனதே இல்லன்னு சொல்லிட்டு நாற்காலியைத் தூக்கிட்டு வந்து வெளிய போட்டு உக்காந்துட்டாரு. அன்னிக்கு காத்து திரும்பல, அவ்ளோதான். திரும்பியிருந்தா என்ன ஆயிருக்கும்னு ஒரு பயம் வந்துச்சு, அதுக்கப்புறம் மத்த ஊர்ல நடந்ததையெல்லாம் தேடித் தேடிப் படிச்சேன்.

2018 நவம்பர் 8, கலிஃபோர்னியால பாரடைஸ்னு ஒரு ஊர், சுமார் 26 ஆயிரம் பேர். விடிகாலைல மின்கம்பிக் கோளாறுல பிடிச்ச தீ சில மணி நேரத்துல ஊருக்குள்ள வந்துடுச்சு. அங்க ப்ளான் இல்லாம இல்ல, ஊரை ஜோன் ஜோனா பிரிச்சு எந்த ஜோன் எப்ப கிளம்பணும்னு முன்னாடியே பக்காவா போட்டு வெச்சிருந்தாங்க. தீ வந்த வேகத்துல அந்த ப்ளான் தாங்கல, அலெர்ட் நிறைய பேருக்குப் போய்ச் சேரவே இல்ல, செல்ஃபோன் டவரும் எரிஞ்சுது. 85 பேர் செத்தாங்க, அதுல பெரும்பாலானவங்க வயசானவங்க. அடுத்தது 2023 ஆகஸ்ட் 8, ஹவாயில லஹைனா. அங்க சைரன் இருந்துச்சு, ஊதவே இல்ல. ஊதுனா ஜனங்க சுனாமின்னு நெனச்சு மேட்டுப் பக்கம், அதாவது தீ இருக்கற பக்கமே ஓடிடுவாங்கன்னு பயந்தோம்னு அதிகாரி பிறகு காரணம் சொன்னாரு. காரணம் சரியோ தப்போ, 100 பேருக்கு மேல போயிட்டாங்க.

இதைச் சொல்றதால ஆர்டரை மதிக்காதீங்கன்னு சொல்ல வரல. வந்தா மறுபேச்சு பேசாம கிளம்பணும். ஆனா ஆர்டர் வந்தப்புறம் வீட்டுல இருக்கக் கூடாதுங்கறதுதான் அதுக்கு அர்த்தம், ஆர்டர் வர்ற வரைக்கும் வீட்டுல இருந்தே ஆகணும்னு அர்த்தமில்ல. இந்த வித்தியாசம் எங்க தெருவுல பாதி பேருக்குப் புரியல, புரிய வெக்கறதுக்கு யாரும் மெனக்கெடவும் இல்ல.

இன்னொண்ணு, தீ தூரத்துல தெரியுது, நிதானமா கிளம்பலாம்னு ஒரு நினைப்பு இருக்கு. ஆஸ்திரேலியாவுல தீயணைப்புக்காரங்க ஒரு கணக்கு சொல்வாங்க, மேட்டுல ஏறுற தீக்கு சரிவு 10 டிகிரி கூடக் கூட வேகம் ரெண்டு மடங்கு ஆகும், அப்போ 20 டிகிரி சரிவுல நாலு மடங்கு. 2018 மார்ச் 11 குரங்கணி நம்ம யாருக்கும் மறக்காது, காஞ்ச புல்லு, செங்குத்தான சரிவு, வீசுற காத்து, 23 பேர் போனாங்க. அந்த மாதிரி இடத்துல தீயோட போட்டி போட்டு ஓடறதுக்கு மனுசக் கால் போதாது.

காத்து திரும்புறது இதைவிட மோசம். 2009 பிப்ரவரி 7, ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாகாணம், காட்டுத்தீயில 173 பேர் செத்த நாள். வடக்குலேந்து அடிச்ச அனல் காத்துல தீ நீளமா, ஒல்லியா ஒரு பக்கமா ஓடிக்கிட்டிருந்துச்சு, சாயங்காலம் தென்மேற்குக் காத்து வந்துச்சு, அவ்ளோதான், அதுவரைக்கும் தீக்குப் பக்கவாட்டா இருந்த அந்த நீளம் முழுக்க முன்பக்கமா மாறிடுச்சு. நம்ம ஊரைத் தாண்டிப் போயிடுச்சு, இனி பயமில்லன்னு நெனச்சுக்கிட்டு இருக்கற வீடுங்க மேலதான் இந்த மாதிரி நேரத்துல தீ வரும். அதுக்கு முன்னாடி அங்க "சீக்கிரம் கிளம்பு, இல்லன்னா இருந்து வீட்டைக் காப்பாத்து"ன்னு ரெண்டு வழி சொல்லுவாங்க. அந்த நாளுக்கு அப்புறம், படுமோசமான நாளுக்குன்னே தனியா ஒரு எச்சரிக்கை நிலை கொண்டு வந்து, அன்னிக்கு சீக்கிரம் கிளம்பறது மட்டும்தான் பாதுகாப்புன்னு மாத்திட்டாங்க.

அதனால நாங்க வீட்டுல ஒரு முடிவுக்கு வந்தோம். புகை வந்தப்புறம் உக்காந்து பேசுனா சண்டைதான் வரும், கையும் ஓடாது காலும் ஓடாது, அதனால எது நடந்தா கிளம்பறதுங்கறதை மழை பெய்யுற மாசத்துலயே ஆற அமர பேசி எழுதி வெச்சுட்டோம். வெயில் 30 டிகிரிக்கு மேல, காத்துல ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழ, காத்து வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல, இந்த மூணு முப்பதும் ஒரே நாள்ல சேந்தா தீ இருக்கோ இல்லையோ காரை ரோட்டைப் பாத்து திருப்பி நிறுத்திடணும், டேங்க் பாதிக்குக் கீழ இருக்கக் கூடாது, ஃபோன் எல்லாம் சார்ஜ்ல. முகட்டுக்கு இந்தப் பக்கம் எங்க புகை எழும்பினாலும் கிளம்பிடணும், அதுல விவாதமே கிடையாது. ராத்திரி படுக்கப் போறப்போ தீ எங்க இருக்குன்னு உறுதியா தெரியலன்னா அன்னிக்கு வேற இடத்துலதான் தூக்கம். இதை அப்பாவையே அவர் கையெழுத்துல எழுத வெச்சு கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கோம். அதுலதான் சூட்சுமமே, அவர் எழுதுனதை அவரே எப்படி மீறுவாரு, இப்ப வேற யாராவது முரண்டு பிடிச்சாகூட அவர்தான் அந்தப் பேப்பரைக் காட்டி திட்டறாரு.

பத்து தடவை கிளம்பி பத்து தடவையும் ஒண்ணும் ஆகாம திரும்பி வந்தா ஊர் சிரிக்கும்னு அம்மாவுக்கு ஒரு கவலை. சிரிக்கட்டுமே.

பை ரெடி பண்றதைப் பத்தி வாட்சப்ல ஆயிரம் வீடியோ வருது, அதைப் பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. மாத்திரையும் டாக்டர் சீட்டும், இன்னொரு மூக்குக் கண்ணாடி, பத்திரங்களோட ஃபோட்டோ, பவர் பேங்க், பேட்டரி ரேடியோ, தண்ணி. துணி மட்டும் பருத்தியா இருக்கட்டும், நைலான் பாலியஸ்டர் சூட்டுல உருகி தோல்ல ஒட்டிக்கும். காலுக்கு ஷூ. முகத்துக்கு ஈரத்துணி கட்டுனா போதும்னு சொல்றாங்க, புகையில இருக்கற நுண்துகளை அது தடுக்காது, என்95 மாஸ்க்தான் வேணும். பூனை வெச்சிருக்கறவங்க ஒண்ணு கவனிங்க, வீட்டுல பரபரப்பு ஆரம்பிச்சா அது கட்டிலுக்கு அடில போய் புகுந்துக்கும், அப்புறம் சாமானியமா வெளிய வராது, அதனால எல்லாத்துக்கும் முன்னாடி அதைப் பிடிச்சு கூடையில போட்டுட்டுதான் மத்த வேலை.

பைய விட முக்கியமானது ரோடு. 2017 ஜூன் 17 போர்ச்சுகல்ல பெட்ரோகாவ் கிராண்டே பக்கம் 66 பேர் செத்தாங்க, அதுல பெரும்பாலானவங்க வீட்டுல சாகல, தப்பிச்சுப் போற வழியில ரோட்டுலதான். கிளம்புனது தப்பில்ல, கிளம்பறதுக்குள்ள நேரம் கடந்துடுச்சு. அடுத்த வருஷம் ஜூலைல கிரீஸ்ல மாட்டிங்கற கடலோர ஊர்ல தீ, கடல் பக்கத்துலயே இருக்கு, ஆனா குறுகலான முட்டுச்சந்தும் வேலியுமா இருந்ததால நிறைய பேரால தண்ணி வரைக்கும் போக முடியல. எங்க ஊருக்கும் ஒரே ரோடுதான். ரெண்டாவதா ஒரு மண்பாதை இருக்கு, நடுவுல கேட்டு போட்டு பூட்டி வெச்சிருக்காங்க, சாவி யாருகிட்டன்னு கேட்டா ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டறாங்க. 2025 ஜனவரில லாஸ் ஏஞ்சலஸ்ல பாலிசேட்ஸ் தீயப்போ ட்ராஃபிக்ல மாட்டுனவங்க காரை நடு ரோட்டுலயே விட்டுட்டு ஓடுனாங்க, அப்புறம் தீயணைப்பு வண்டி போக புல்டோசர் வெச்சு அந்த காரையெல்லாம் ஒதுக்க வேண்டியதாப் போச்சு. அதனால வீட்டுக்கு ஒரு வண்டி போதும், மூணு வண்டி இருந்தா மூணையும் எடுத்துட்டு வராதீங்கன்னு தெருவுல பேசி வெச்சிருக்கோம். வழியில தீ சூழ்ந்துடுச்சு, இனி நகர முடியாதுன்னா, காரை விட்டு இறங்கி ஓடறதைவிட மரம் செடி இல்லாத வெட்டவெளியா பாத்து நிறுத்தி, கண்ணாடி எல்லாம் ஏத்தி, வெளிக்காத்து வர்ற வழிய மூடி, ஜன்னலுக்குக் கீழ குனிஞ்சு கம்பளி போத்திக்கிட்டு தீ கடக்கற வரைக்கும் உள்ளேயே இருக்கறதுதான் கொஞ்சமாவது பாதுகாப்பு.

வீட்டைப் பத்தியும் ஒரு தப்பான நினைப்பு இருக்கு. பெரிய தீ சுவர் மாதிரி வந்து வீட்டை முழுங்கும்னு நெனைக்கறோம், உண்மையில நிறைய வீடு எரியறது காத்துல பறந்து வர்ற கங்குனாலதான். தீ கிலோமீட்டர் கணக்குல தள்ளி இருக்கும், கங்கு வந்து கூரைத் தண்ணிக் குழாய்ல தேங்கிக் கிடக்கற சருகுல விழும், இல்ல வாசல் கால்மிதி மேல, பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடில, சுவரை ஒட்டி அடுக்கி வெச்ச விறகுல. அங்கேந்து வீடு பிடிக்கும். அதனால சுவர்லேந்து ஒன்றரை மீட்டருக்கு எரியற சாமான் எதுவும் இருக்கக் கூடாதுன்னு சொல்றாங்க, இது காசு செலவில்லாத வேலை, ஒரு நாள் துடைப்பம் எடுத்தா முடிஞ்சுது. கிளம்பறப்போ ஜன்னல் எல்லாம் சாத்தி, திரையைக் கழட்டி, கேஸை மூடி, ஒண்ணு ரெண்டு லைட்டைப் போட்டுட்டு வந்தா புகையில வீடு இருக்கறது தீயணைப்புக்காரங்களுக்குத் தெரியும். கூரை மேல குழாயைத் திறந்து விட்டுட்டுப் போறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம், எல்லாரும் அப்படிப் பண்ணா தீயணைக்க வர்றவங்களுக்குக் குழாய்ல பிரஷர் இருக்காது. அப்புறம் கரண்ட்ல ஓடற கேட்டு, கராஜ் கதவு வெச்சிருக்கறவங்க அதைக் கையால திறக்கறது எப்படின்னு இன்னிக்கே பாத்து வெச்சுக்கோங்க, தீ வந்தா முதல்ல போறது கரண்ட்தான். கலிஃபோர்னியால 2017 தீயில வயசானவங்க சில பேர் கராஜ் கதவைத் திறக்க முடியாம மாட்டிக்கிட்டதாலதான், கராஜ் மோட்டாருக்கு பேட்டரி இருக்கணும்னு சட்டமே போட்டாங்க.

நாசாவோட தீ மேப்பை ஃபோன்ல பாத்துட்டு சிகப்புப் புள்ளி இன்னும் தூரத்துலதான் இருக்குன்னு தைரியம் சொல்றவங்களும் எங்க தெருவுல உண்டு. அந்தப் புள்ளி சாட்டிலைட் மேல கடந்தப்போ பாத்தது, நம்ம ஸ்க்ரீனுக்கு வர்றதுக்குள்ள ரெண்டு மூணு மணி நேரம் ஓடியிருக்கும். தீ எங்க இருந்துச்சுன்னு அது காட்டும், இப்ப எங்கன்னு காட்டாது.

வண்டியே இல்லாதவங்க கதைதான் மனசை உறுத்துது. எங்க பக்கத்து வீட்டுப் பாட்டி தனியா இருக்காங்க, காது கேக்காது, ஃபோன்ல அலெர்ட் வந்தாலும் தெரியாது. இப்போதைக்கு எங்க கார்ல ஒரு சீட் அவங்களுக்குன்னு முடிவு பண்ணியாச்சு. ஆனா தெருவுல இன்னும் எத்தனையோ பாட்டி இருக்காங்களே. போர்ச்சுகல்ல 2017 சாவுகளுக்கு அப்புறம் பாதுகாப்பான கிராமம்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, கிராமத்துக்கு ஒரு ஆள், அந்த ஊர்க்காரரே, எச்சரிக்கை வந்தா எல்லாருக்கும் சொல்றது அவர் பொறுப்பு, எந்த வழியா எந்தக் கட்டடத்துக்குப் போகணும்னு முன்கூட்டியே குறிச்சு வெச்சு ஒத்திகையும் பாக்கறாங்க. இதுக்குப் பெரிய பட்ஜெட் ஒண்ணும் தேவையில்ல, ஒருத்தரைப் பொறுப்பாக்கி அவர் பேரை நோட்டீஸ் போர்டுல எழுதுனா முதல் வேலை முடிஞ்சுது.

ஆசிரியர்கிட்ட ரெண்டு வேண்டுகோள். தினமும் உங்க பேப்பர்ல வானிலைப் பெட்டி போடறீங்க, அதுல வெயில் எவ்ளோன்னு மட்டும்தான் இருக்கு. சீசன் முடியற வரைக்கும் ஈரப்பதத்தையும் காத்து வேகத்தையும் சேத்துப் போடுங்க, ஒரு வரி இடம்தான் ஆகும், ஃபோன் பாக்கத் தெரியாத பெரியவங்களும் மூணு முப்பதை அவங்களே பாத்துப்பாங்க. ரெண்டாவது, அடுத்த தடவை தீயைப் படம் எடுக்க ஆள் அனுப்பறப்போ, திரும்பி வர்ற வழியில அந்தப் பூட்டுன கேட்டையும் ஒரு படம் எடுத்துப் போடச் சொல்லுங்க, சாவி யாருகிட்ட இருக்குன்னு நீங்க கேட்டாலாவது பதில் வருதான்னு பாப்போம்.

இப்படிக்கு,
மலையடிவாரத்துல குடியிருக்கற ஒரு வாசகர்