நூறு வாட்டுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

மிச்சிகனில் எங்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நடத்தும் பண்பலை வானொலிக்கு இந்த வாரத்தோடு ஒரு வயது நிறைகிறது. நிலையத்துக்குப் பொறுப்பான ஆசிரியை நான். உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்ல ஆசை. முடியவில்லை, அதனால் இந்த மடல்.

குறைந்த சக்தி வானொலிக்கு உரிமம் கேட்கும் வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை. 2013-க்கு அப்புறம் 2023 டிசம்பரில்தான் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் மறுபடி விண்ணப்பம் வாங்கியது, அதுவும் சில நாட்களுக்கு மட்டும். அக்கம்பக்கத்து நிலையங்களுக்கு இடைஞ்சல் தராத ஓர் அலைவரிசை நம் ஊரில் இருப்பதைக் கணக்கோடு காட்ட வேண்டும். இரண்டு வாரம் தூக்கம் கெட்டு அந்தக் கணக்கைப் போட்டுத் தந்த பொறியாளர் அண்ணா ஒரு காசு வாங்கவில்லை. அவர் பிள்ளைகள் யாரும் எங்கள் பள்ளியில் படிக்கவும் இல்லை.

எங்களுக்கு அனுமதி 100 வாட். சுமார் ஐந்தரை கிலோமீட்டர் எட்டும் என்பது ஏட்டுக் கணக்கு. உண்மையில் எதுவரை கேட்கிறது என்று தெரிய வேண்டுமே! முதல் நாள் பன்னிரண்டு குடும்பங்கள் காரில் கிளம்பினீர்கள். "நூலகத்துக்கிட்ட தெளிவா இருக்கு", "ஏரிக்கரையில இரைச்சல்", "பாலம் தாண்டினதும் போச்சு" என்று நீங்கள் போனில் சொல்லச் சொல்ல, மாணவர்கள் சுவரில் இருந்த வரைபடத்தில் குண்டூசி குத்தினார்கள். அந்த வரைபடத்தை இன்னும் கழற்றவில்லை.

மார்ச் மாத மழையில் ஒலி தேயத் தொடங்கியது. எழுபது வயது தாண்டிய அமெச்சூர் வானொலிக்காரர் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுபவர்) ஒருவர் மழை விட்டதும் பள்ளி மாடிக்கு வந்து, ஆன்டெனா கேபிளின் இணைப்பைக் கழற்றிக் கவிழ்த்தார். தண்ணீர் சொட்டியது. ஈரத்தால் ஆன்டெனாவுக்குப் போக வேண்டிய சக்தி திரும்பி வர, டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்திருக்கிறது. அவரே ஐந்து நிமிடத்தில் சரிசெய்திருப்பார். ஆனால் பதினொன்றாம் வகுப்பு மாணவியின் கையில் டேப்பைக் கொடுத்து, கீழிருந்து மேலாகச் சுற்றச் சொன்னார். ஓடு வேய்ந்த மாதிரி மழைநீர் வழிந்து போய்விடுமாம். இப்போது அந்தப் பெண் அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாள். ஐயா, இதற்கு எப்படி நன்றி சொல்வது?

எங்கள் நிலையத்தில் விளம்பரம் கூடாது. உதவியவர் பெயரையும் தொழிலையும் சொல்லலாம், விலையையோ "வாங்க, வாங்குங்க" என்றோ சொல்லக் கூடாது. மைக்குகள் வாங்கித் தந்த மளிகைக்கடை அக்காவிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். "என் பேரை விடுங்க டீச்சர், பிள்ளைங்க பேசட்டும்" என்றார். பனி கொட்டும் நாட்களில் பள்ளி விடுமுறை அறிவிப்புக்காக விடியுமுன் கதவைத் திறந்துவிட்ட காவலாளிக்கும் நன்றி.

அப்புறம், தென்காசியிலிருந்து பேத்தி வீட்டுக்கு வந்திருந்த பாட்டி. ஞாயிறு மாலைத் தமிழ் அரைமணியை ஒரு வாரம்கூட விடாமல் கேட்டு, நிகழ்ச்சி முடிந்ததும் போன் செய்து, "மளை இல்லடா, மழை" என்று திருத்துவார். பிள்ளைகளுக்கு ழகரம் வந்துவிட்டது, பாட்டி.

வரும் ஞாயிறு மாலை அதே அரைமணியில் உங்கள் எல்லோர் பெயரையும் மாணவர்களே வாசிக்கிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வந்து, காரை ஓரமாக நிறுத்திக் கேளுங்கள்.